மொரிசியஸ் மேடையில் கணவன் மனைவி நகைச்சுவை நாடகம்: கதை முதல் மேடை வரை முழுமையான வழிகாட்டி

மொரிசியஸில் தமிழ் நகைச்சுவை நாடகம் பார்க்க வருவது ஒரே விதமான கூட்டம் அல்ல. கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ் பழகி, பேச்சை அப்படியே பிடித்துக்கொள்பவர்கள் கொஞ்சம் பேர். பாதி புரிந்து மீதியை ஊகிப்பவர்கள் நிறையப் பேர். வீட்டில் மொரிசியஸின் பொதுப் பேச்சுமொழியான கிரியோல் மட்டுமே பேசிவிட்டு, பாட்டியைத் துணைக்கு அழைத்துவந்து உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளைகள் மற்றவர்கள். சோக நாடகம் என்றால் இது பெரிய தொல்லை இல்லை. அழுகை கொஞ்சம் முன்பின் வந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சிரிப்பு அப்படியா? முதல் வரிசை சிரித்து, பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கம் சொல்லி, அவர் நான்கு விநாடி கழித்துச் சிரிப்பதற்குள் மேடையில் அடுத்த வசனம் போயிருக்கும். அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழுந்திருக்காது. பத்தே நிமிடத்தில் கூடம் இரண்டாகிவிடும்.

அதனால் கதை, ஒத்திகை, விளக்கு, ஒலி என்று எதைப் பற்றி முடிவு செய்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எல்லோருக்கும் ஒரே நொடியில் சிரிப்பு வருமா?

கீழே உள்ள அளவுகள் 150 முதல் 250 இருக்கைகள் கொண்ட கிராம மன்றக் கூடம், நகராட்சிக் கூடம், கோயில் மண்டபம் ஆகியவற்றை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நடிகர்கள் 5 பேர், ஒரே வீட்டுக் கூடம், 60 முதல் 70 நிமிட நாடகம். கலை அமைச்சு நடத்தும் தேசிய நாடக விழாவின் தமிழ்ப் பிரிவில் கலந்துகொள்வதாக இருந்தால், அந்த ஆண்டுக்கான விதித்தாளை முதலில் கையில் வாங்கிவிடுங்கள். நேர வரம்பு தெரியாமல் எழுதிவிட்டுக் கடைசி வாரத்தில் வெட்டினால், வெட்டுப்படுவது பெரும்பாலும் பின்னால் வரும் நகைச்சுவைக்கு வித்திட்ட வரியாகத்தான் இருக்கும்.

தேதி, கூடம்

ஆடி மாதம்தான் நல்ல காலம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நம் வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபமும் நாற்காலியும் ஒலிபெருக்கிக்காரரும் எளிதாகக் கிடைப்பார்கள். புரட்டாசியில் பல குடும்பங்கள் விரதத்தில் இருக்கும், தைப்பூசத்தை ஒட்டிக் காவடி விரதம் வரும். அந்த நாள்களில் நடிகர்களையே ஒத்திகைக்குப் பிடிக்க முடியாது. புயல் பருவம் நவம்பரில் தொடங்கி மே நடுப்பகுதி வரை போகிறது. ஜனவரி, பிப்ரவரியில் நாடகம் போட்டே ஆகவேண்டும் என்றால் மாற்றுத் தேதி ஒன்றையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் ஊரே முடங்கிவிடும், நாடகத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

பெரிய அரங்குக்காகக் காத்திருப்பது வீண். 1822இல் திறந்த போர்ட் லூயிஸ் நாடக அரங்கும் ரோஸ் ஹில்லின் பிளாசாவும் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தவை. வாக்வாவில் உள்ள செர்ஜ் கோன்ஸ்தாந்தேன் அரங்கு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். கிடைக்காவிட்டாலும் குடும்ப நகைச்சுவைக்குச் சின்னக் கூடமே மேல், ஏனென்றால் இந்த நாடகத்தில் முகம் தெரிவது முக்கியம்.

கூடம் பார்க்கப் போகும்போது அளவு நாடா கொண்டுபோங்கள். மேடையின் ஆழம் 4 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் சோபாவும் சாப்பாட்டு மேசையும் ஒன்றாக நிற்காது, இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும். மேடை நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். ஓசை திரும்பி வந்து நீடித்தால், பின்சுவரில் தடித்த துணித் திரையோ பழைய கம்பளமோ தொங்கவிட வேண்டியிருக்கும். ஆள் நிறைந்தால் எதிரொலி குறையும், ஆனால் முழுக்கப் போகாது. கூரை தகரமா என்று கட்டாயம் பாருங்கள். கூர்பீப், வாக்வா பக்கம் ஜூலையிலும் தூறல் ஓயாது, தகரக் கூரையில் விழும் தூறல் மெதுவான வசனம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

கதைக்கு எங்கே போவது

திருக்குறளின் 132ஆம் அதிகாரம் ‘புலவி நுணுக்கம்’, புலவி என்றால் ஊடல். அங்கே போனால் போதும். பரிசுப் போட்டிக்கு மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் நூலாகவே அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். 1314 முதல் 1320 வரை உள்ள ஏழு குறளையும் வரிசையாகப் படியுங்கள், மேடைக்கென்றே செய்துவைத்த காட்சி வரிசை கிடைக்கும்.

கணவன், “யாரையும்விட உன்மேல்தான் ஆசை” என்கிறான். “யாரைவிட, யாரைவிட?” என்று அவள் பிடித்துக்கொள்கிறாள். “இந்தப் பிறவியில் பிரியமாட்டேன்” என்கிறான். அப்படியானால் அடுத்த பிறவியில்? அவள் கண் நிறைகிறது. “உன்னை நினைத்தேன்” என்கிறான். நினைத்தால் நடுவில் மறந்திருக்க வேண்டுமே. தும்முகிறான், யார் நினைத்ததால் வந்த தும்மல் என்று அழுகிறாள். தும்மலை அடக்குகிறான், யாரோ நினைப்பதை மறைக்கிறான் என்று அழுகிறாள். சமாதானம் செய்கிறான், மற்றவர்களிடமும் இப்படித்தானா என்கிறாள். பேசாமல் அவளையே பார்க்கிறான், யாரை நினைத்துப் பார்க்கிறாய் என்கிறாள்.

இந்த வரிசையில் முதலில் பேச்சு போகிறது, பிறகு தும்மல், பிறகு சமாதானம், கடைசியில் பார்வையும் போய்விடுகிறது. நாடகம் நகர நகரக் கணவனுக்கு வசனம் குறைந்து உடம்பால் செய்கிற வேலை கூடுகிறது. அதாவது, தமிழ் குறைவாகத் தெரிந்தவருக்கும் நாடகம் போகப்போக எளிதாகிறது. நமக்கு வேண்டியது இதுதான்.

ஏழு கண்ணிகளைக் கோக்க ஒரு கயிறு வேண்டும். கணவனிடம் ஒரு நல்ல ரகசியம் கொடுங்கள். 25ஆம் கல்யாண நாளை மனைவிக்குத் தெரியாமல் கொண்டாட ஏற்பாடு செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பார்வையாளர்களுக்கு 3ஆம் நிமிடத்திலேயே இது தெரிந்துவிட வேண்டும், மனைவிக்குக் கடைசிக் காட்சி வரை தெரியக்கூடாது. ரகசியத்தைப் பார்வையாளர்களிடமிருந்தும் மறைத்தால் அவர்கள் துப்பறிய ஆரம்பித்துவிடுவார்கள், சிரிக்கமாட்டார்கள்.

பாத்திரங்கள்: கணவன், மனைவி, கணவனின் தாயார், பக்கத்து வீட்டுத் தாந்தின் (அத்தை), சால் வெர்த் (விழாப் பந்தல்) போடுபவர். பந்தலுக்கு இடம் அளக்க வந்தவர் கையில் நாடாவுடன் முற்றத்தில் நிற்க, அவரை மனைவி கண்ணில் படாமல் ஒளிக்க வேண்டும். இந்த ஒரு ஆள் வந்தாலே கதவுக்கு வேலை வந்துவிடும். கதவு திறந்து மூடினால் வசனமே இல்லாமல் சிரிப்பு வரும்.

மாமியாரைக் கொடுமைக்காரியாக எழுதாதீர்கள். அது பழகிப் புளித்தது என்பது ஒரு பக்கம். வேலைக்கு ஆகாது என்பதுதான் பெரிய காரணம். மாமியாரும் மருமகளும் சண்டை போட்டால் கணவன் ஓரமாக நின்றுகொள்வான். மாமியார் மருமகள் பக்கம் சாய்ந்தால்தான் அவனுக்குப் போக்கிடம் இருக்காது.

தொல்காப்பியம் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு இடம் சொல்கிறது. எள்ளல் சீக்கிரம் கைகொடுக்கும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். ஒருவர் உடம்பையோ நிறத்தையோ, இன்னொரு சமூகத்தாரின் பேச்சையோ கேலி செய்து வரும் சிரிப்புக்குப் பின்னால் கூடத்தில் சிலர் வாய் இறுகியிருக்கும். அவர்கள் மறுபடி திறக்க இருபது நிமிடம் ஆகும். கணவன் எல்லாவற்றையும் அப்படியே நம்புகிற பேதைமையிலும், தான் பெரிய சூழ்ச்சிக்காரன் என்று நினைத்துக்கொள்ளும் மடமையிலும் கதையை நடத்துங்கள்.

ஊடலின் நீளத்துக்கும் குறளே அளவு தந்திருக்கிறது: புலவி உப்பு மாதிரி, கொஞ்சம் கூடினால் கெட்டுவிடும் (1302). மேடைக் கணக்கில் ஒரு ஊடல் 4 நிமிடம். அதற்கு மேல் போனால் பார்வையாளர் யாராவது ஒருவர் பக்கம் நியாயம் தேட ஆரம்பிப்பார், பிறகு சிரிப்பு வராது.

வசனம்

ஒரு வசனத்துக்கு 6 முதல் 8 தமிழ்ச் சொல். சிரிப்பை வெடிக்கவைக்கும் சொல் கடைசியில் நிற்க வேண்டும். பின்னால் ‘தானே’, ‘பாரு’ என்று ஒட்டுச்சொல் தொங்கினாலே சிரிப்பு அரை நொடி தள்ளிப்போகும். தமிழ் வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் மொழி, அதனால் எழுதும்போது சொல்லை மாற்றிப் போட்டுப் பார்த்தால்தான் இது அமையும்.

“நீங்கள் இன்றைக்கு என்னை நினைத்ததாகச் சொன்னால் மற்ற நேரத்தில் மறந்திருந்தீர்கள் என்றுதானே அர்த்தம்?” என்பது காகிதத்தில் நன்றாக இருக்கும், மேடையில் செத்துவிடும். மனைவி தேநீரை நீட்டுகிறாள். அவன், “இப்பதான் உன்னை நினைச்சேன்” என்கிறான். நீட்டிய கை நிற்கிறது. “அப்போ மறந்தீங்க.” கோப்பை திரும்பிப் போகிறது. தமிழ் தெரிந்தவர் சொல்லுக்குச் சிரிப்பார், தெரியாதவர் கோப்பைக்குச் சிரிப்பார். இரண்டும் ஒரே நொடியில் நடக்கும்படி கையின் வேகத்தை ஒத்திகையில் அமைத்துக்கொள்ளுங்கள்.

கிரியோலைக் கலப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒருவர் தமிழில் சொன்னதை இன்னொருவர் கிரியோலில் திருப்பிச் சொல்வது நாடகம் ஆகாது. அப்படிச் செய்தால் தமிழ் தெரிந்தவருக்கு எல்லாம் இரண்டு முறை வரும். தமிழில் கேள்வி, கிரியோலில் பதில் என்று எழுதுங்கள். பதிலைக் கேட்டாலே கேள்வி என்னவென்று ஊகிக்க முடிய வேண்டும். “எங்கே போயிருந்தீங்க?” என்று மனைவி கேட்க, அவன் “முவா? பசார்!” (நானா? சந்தைக்கு!) என்று தடுமாறி, வெறும் கையைப் பின்னால் மறைத்தால் போதும். யார் எந்த மொழிப் பக்கம் சாய்வார் என்பதையும் தீர்மானித்துவிடுங்கள். தாயார் தமிழ், பக்கத்து வீட்டுத் தாந்தின் முழுக்கக் கிரியோல், கணவன் மாட்டிக்கொண்டால் கிரியோல், கெஞ்சும்போது தமிழ். தாயாருக்கு ஒரே ஒரு கிரியோல் சொல் வைத்திருங்கள், அதை எங்கே விடுவது என்பதைக் கீழே சொல்கிறோம்.

அழைக்கும் முறையும் வயதுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். 25 ஆண்டு குடும்பம் நடத்திய மனைவி கணவனைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், “என்னங்க” என்பாள். கோபம் ஏறினால் அந்த ‘ங்க’ இன்னும் அழுத்தமாக விழும். மரியாதை கூடக் கூடத்தான் பயம், இது மேடையில் நன்றாக வேலை செய்யும்.

திரையில் மொழிபெயர்ப்பு ஓடவிடலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே திரையைப் படித்துச் சிரித்துவிடுவார்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் காட்சி தொடங்குமுன் ஒரு வரிச் சூழல் மட்டும் காட்டுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. தமிழ் அறவே தெரியாத இருவரை உட்காரவைத்து நாடகத்தைப் படித்து நடித்துக் காட்டுங்கள். யாரும் விளக்கம் சொல்லக்கூடாது. அவர்கள் சிரிக்காத இடங்களைக் குறியுங்கள். அந்த இடங்களில் வசனத்தைத் திருத்துவதற்கு முன், கையில் ஒரு பொருளைக் கொடுத்துப் பாருங்கள்.

தும்மல் காட்சி, அடி அடியாக

1317, 1318 குறள்களை வைத்து 4 நிமிடக் காட்சி. மற்ற காட்சிகளுக்கும் இதுவே மாதிரி.

முதலில் வித்து. நாடகத்தின் 5ஆம் நிமிடத்துக்குள் தாயார் ரசம் குடிக்கும்போது புரையேற வேண்டும். தலையில் தட்டிக்கொண்டு, “யாரோ நினைக்கிறாங்க” என்கிறார். உடனே கைப்பேசி அடிக்கிறது, பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து அவர் தங்கை. நினைத்தால் உடம்புக்குத் தெரியும் என்ற சட்டம் இதோடு கூடம் முழுவதுக்கும் பதிந்துவிடும். இந்த வித்தை விட்டுவிட்டால் தும்மல் காட்சி இளையவர்களுக்கு எட்டாது.

அடுத்தது காரணம். தும்மல் காட்சி தொடங்கும்போது தாயார் ஒரு தட்டு நிறையக் காய்ந்த மிளகாயை மேடையின் குறுக்கே எடுத்துச் சமையலறைக்குப் போகிறார். மெதுவாகப் போகட்டும், தட்டு பார்வையாளர் பக்கம் சாய்ந்திருக்கட்டும். உள்ளே வாணலியில் கரண்டி உரசும் ஓசை. உண்மையில் மிளகாய் வறுக்க வேண்டாம், நடிகர்களோடு முதல் மூன்று வரிசையும் இருமி முடிக்காது.

கணவன் செய்தித்தாளோடு நாற்காலியில். மனைவி துணி மடிக்கிறாள், அவனுக்கும் அவளுக்கும் நடுவே மூன்று எட்டு இடைவெளி. கணவன் தும்முகிறான். மனைவி நிமிராமலே, “நூறு வயசு!” துணியோடு ஒரு எட்டு, இரண்டு எட்டு, மூன்றாவதில் கால் தரையில் படுமுன் நிற்கிறது. மெதுவாகத் திரும்புகிறாள். மனத்துக்குள் இரண்டு எண்ணும் அளவுக்கு அமைதி. “யாரு?” அவன் முதுகுக்குப் பின்னால் பார்க்கிறான். “யாரு நினைச்சா?” சமையலறைக் கதவில் தாயாரின் தலை மட்டும் வெளியே வருகிறது: “கிசான்லா?”

கிரியோலில் ‘யார் அது?’ என்று பொருள். தாயாருக்கென்று அந்தச் சொல்லைத்தான் சேமித்து வைத்தோம். கூடம் வெடிக்கும் இடம் அது. தலை அங்கேயே நிற்க வேண்டும், யாரும் அசையக்கூடாது.

இரண்டாவது தும்மல் அடக்குவது. ஏழு எண்ணிக்கை. 1: மூக்கு விரிகிறது. 2: விரல் மூக்கின் கீழே. 3: செய்தித்தாள் முகத்துக்கு ஏறுகிறது. 4: தாள் நடுங்குகிறது. 5: மனைவி திரும்புகிறாள், தாள் அப்படியே நிற்கிறது. 6: தாள் இறங்குகிறது, கலங்கிய கண்ணோடு ஒரு புன்னகை. 7: விழுங்குகிறான். “மறைக்கிறீங்க!” இந்த ஏழில் 5ஆம் எண்ணிக்கைதான் பிசகும். மனைவியாக நடிப்பவர் முந்தித் திரும்பிவிட்டால் தாள் நடுங்குவதைப் பார்வையாளர்கள் கவனிக்கமாட்டார்கள், கண் அவர்மேல் போய்விடும். ஒருவர் வெளியே நின்று உரக்க எண்ண, இருபது முறையாவது செய்துபார்க்க வேண்டிய இடம் இது.

மூன்றாவதாகத் தும்ம வேண்டியது மனைவி. மிளகாய் அவள் மூக்குக்கும் வந்துவிட்டது. அவன் நாற்காலியிலிருந்து எழுகிறான், ஒன்றும் சொல்லவில்லை, புருவத்தை மட்டும் தூக்குகிறான். கதவில் மறுபடியும் தலை. இப்போது தாயாரும் பேசக்கூடாது, கூடமே அந்தச் சொல்லைச் சொல்லிவிடும். விளக்கு அணையட்டும்.

ஒத்திகை

எட்டு வாரம், வாரம் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் 2 மணி நேரம், கடைசி வாரம் தினமும். முதல் இரண்டு வாரம் உட்கார்ந்து வாசிப்பு. 3, 4ஆம் வாரங்களில் நகர்வு: தரையில் ஒட்டுநாடாவால் மேடையின் உண்மையான அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 5ஆம் வார முடிவில் பிரதி கையில் இருக்கக்கூடாது. கையில் தாள் இருக்கும்வரை நகைச்சுவைக்கு ஒரு கை குறைவு. 6ஆம் வாரத்திலிருந்து மேடையில் வரப்போகும் அதே கோப்பை, அதே தட்டு, அதே செய்தித்தாள். மனைவியாக நடிப்பவர் 6ஆம் வாரத்திலிருந்து சேலையில் ஒத்திகை பார்க்கட்டும். அன்றாடம் சேலை கட்டாதவர் மூன்றாவது எட்டில் கொசுவத்தை மிதிப்பார்.

சிரிப்புக்கு நிற்கப் பழகுவது தனி வேலை. சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போய், பாதிக்கு மேல் இறங்கியதும் அடுத்த வசனம். முழுக்க அடங்கும் வரை நின்றால் நாடகம் தொய்யும், உச்சியில் பேசினால் வசனம் போய்விடும். அதோடு, சிரிப்பை நறுக்கிவிட்டதால் அடுத்த முறை பார்வையாளர்களே அடக்கிக்கொள்வார்கள். ஒத்திகையில் ஒருவரை உட்காரவைத்து, முன்னறிவிப்பில்லாமல் கண்ட இடத்தில் பலமாகச் சிரிக்கச் சொல்லுங்கள். நடிகர்கள் அந்த நேரத்தில் சும்மா நிற்காமல், செய்துகொண்டிருந்த செயலிலேயே உறைய வேண்டும். எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு வராவிட்டால் வசனத்தை இன்னொரு முறை சொல்லவே கூடாது. வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

காதல் காட்சிகளில் தொடுவது எங்கே, எந்தக் கை, எவ்வளவு நேரம் என்பதை முதல் நாளே பேசி முடித்து, ஒவ்வொரு முறையும் அப்படியே செய்யுங்கள். ஒத்திகையில் மூன்றாவது ஆள் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அணைப்பைவிட, கூந்தலில் இருந்து நழுவும் பூச்சரத்தை அவன் சரிசெய்வது அதிகம் வேலை செய்யும். நிஜக் கணவன் மனைவியை அந்த வேடங்களில் போடலாமா என்றால், போடாமல் இருப்பதே நல்லது. காலையில் வீட்டில் நடந்த சண்டை மாலையில் 1316ஆம் குறளுக்குள் புகுந்துவிடும்.

மேடை அமைப்பு

கதவுதான் முதல் செலவு. உயரம் 2 மீட்டர், அகலம் 80 சென்டிமீட்டர், பலமான மரச்சட்டத்தில். பின்னால் சாய்வுக்கட்டை இரண்டு கொடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் 15 கிலோ மணல் மூட்டை. இழுத்து அறையும்போது சுவர் ஆடினால் சிரிப்பு வரும், ஆனால் தவறான இடத்தில். கதவு மேடைக்கு வெளிப்பக்கம் திறக்கட்டும், கீல் மேடையின் பின்பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் வந்து நிற்பவரின் முகம் முதல் நொடியிலேயே தெரியும்.

சோபாவின் இருக்கைப் பஞ்சுக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள். வீட்டுச் சோபா ஆளை உள்ளே இழுக்கும், துள்ளி எழுந்திருக்க முடியாது. சாப்பாட்டுக் காட்சியில் ஏழு கறி பரிமாறுவதாக இருந்தால் இலையில் எண்ணெய் இல்லாத ஆறிய பொருள்களை மட்டும் வையுங்கள். வாயில் வைப்பது சுண்டைக்காய் அளவு, வசனம் வருமுன் விழுங்கியிருக்க வேண்டும். ரசக் கிண்ணத்தில் கால் பங்கு தண்ணீர் போதும். கீழே சிந்தினால் அடுத்த காட்சியில் யாராவது வழுக்கி விழுவார்கள்.

விளக்கு

நகைச்சுவைக்கு வெளிச்சம் தாராளமாக வேண்டும். நீலமும் சிவப்பும் கனவுப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் இரு ஓரத்திலிருந்தும் 45 பாகைக் கோணத்தில், மூன்றரை முதல் 4 மீட்டர் உயரத்தில், வெதுவெதுப்பான வெள்ளையில் ஆறு எல்.இ.டி. விளக்குகள் இருந்தால் போதும். சமையலறைக் கதவில் தனியாக ஒன்று, தலை மட்டும் தெரியும் இடத்துக்கு.

பழைய ஆலசன் விளக்குகள்தான் கிடைக்கின்றன என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட், 16 ஆம்பியர் இணைப்பு ஒன்று அதிகபட்சம் 3,680 வாட் தாங்கும். 2,900 வாட்டுக்கு மேல் ஏற்றாமல் இருப்பது பாதுகாப்பு, அதாவது 1,000 வாட் விளக்கு இரண்டு, கூட ஒரு 500. இடைவேளைத் தேநீருக்குக் கூடத்தின் பின்னால் வைக்கும் பெரிய தண்ணீர்க் கொதிகலன் தனியாகவே 2,000 முதல் 3,000 வாட் இழுக்கும். அது மேடையோடு ஒரே இணைப்பில் இருந்தால், இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பு யாரோ பொத்தானை அழுத்துவார், மேடை இருட்டாகும். கொதிகலன் எந்த இணைப்பில் என்பதை முன்கூட்டியே பார்த்து, அதற்குப் பொறுப்பான ஒருவர் பெயரை அதன்மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆங்கிலேயர் பாணிச் சதுர முளையும் பிரெஞ்சு உருண்டை முளையும் ஒரே கூடத்தில் கலந்திருக்கும். இரண்டுக்கும் மாற்றுச்செருகி ஆறாவது கையில் இருக்க வேண்டும்.

ஒலி

150 பேர் வரை, கைதட்டல் சோதனையில் தேறிய கூடம் என்றால் ஒலிவாங்கியே வேண்டாம். மின்விசிறியை நிறுத்தினால் போதும், ஆடி மாதத்தில் அது கஷ்டமில்லை. அதற்கு மேல் என்றால் உடையில் மாட்டும் சின்ன ஒலிவாங்கி. மேடை ஓரத்தில் கம்பத்தில் நிற்கும் ஒலிவாங்கி பேச்சைவிடக் காலடியைத்தான் அதிகம் பிடிக்கும்.

மனைவி பாத்திரத்துக்கு ஒலிவாங்கியை நெஞ்சில் மாட்டாதீர்கள். தாலிச் சங்கிலி அதில் உரசிக்கொண்டே இருக்கும், கையை உயர்த்தினால் கண்ணாடி வளையல் ஓசை கூடத்தை நிறைக்கும். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் பூவுக்குள் மறைத்து வையுங்கள். வளையலை ரப்பராலோ பிளாஸ்டிக்காலோ ஆனதாக மாற்றுங்கள். தும்மல் வரும் மூன்று இடங்களையும் ஒலி இயக்குபவர் தன் பிரதியில் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய வசனத்தின் முடிவிலேயே 10 டெசிபெல் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் பெருக்கி கிறீச்சிடும், அடுத்து வரும் “நூறு வயசு” யாருக்கும் கேட்காது. மின்கலங்களை ஒவ்வொரு காட்சிக்கும் முன்பு புதிதாகப் போடுங்கள், பாதி மீதமிருந்தாலும் சரி.

சினிமாப் பாட்டு போடுவதாக இருந்தால் மொரிசியஸ் எழுத்தாளர் சங்கமான மாசாவிடம் பொது நிகழ்ச்சிக்கான உரிமம் வாங்க வேண்டும். பாட்டுகளின் பட்டியலைக் கையோடு எடுத்துப் போங்கள். நாதஸ்வரம், தவில் கலைஞர்கள் ஊரிலேயே இருக்கும்போது இரண்டு நிமிட இசைக்கு அவர்களைக் கூப்பிடுவது எவ்வளவோ மேல்.

அன்றைய நாள்

ஞாயிறு மாலை 4 மணி நல்ல நேரம். பல வழித்தடங்களில் இருட்டிய பிறகு பேருந்து குறைந்துவிடும். 6 மணிக்குள் விட்டால்தான் வயதானவர்கள் கடைசிவரை நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். நடிகர்கள் 1 மணிக்கு வரட்டும். 1.30க்குக் கதவு, சோபா, தும்மல் காட்சி மூன்றையும் மேடையிலேயே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், முழு நாடகத்தை ஓட்டவேண்டாம். 3.15க்குக் கூடத்தைத் திறந்துவிடுங்கள். நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் போடாமல், பின்வரிசையை அரை நாற்காலி தள்ளிப் போடுங்கள். மேடைக்கும் முதல் வரிசைக்கும் 2 மீட்டர் விடுங்கள். வெளியேறும் கதவுகளுக்கு முன்னால் கூடுதல் நாற்காலி போட யார் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள், அவர் கோயில் தலைவராகவே இருந்தாலும்.

வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் நாடகத்துக்குப் பின்னால். 40 நிமிடம் பேச்சு கேட்ட கூடம் முதல் காட்சியில் சிரிக்காது. இதைப் புரவலர்களிடம் அழைப்பிதழ் அச்சிடுமுன்பே சொல்லிவிட வேண்டும், அன்றைக்குச் சொன்னால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஒருவர் பிரதியோடு நின்று ஓரத்தில் குறிக்கட்டும்: முழுக் கூடமும் சிரித்தால் வட்டம், முன்பாதி மட்டும் சிரித்தால் அரைவட்டம், எதிர்பாராத சிரிப்புக்குக் குறுக்குக்கோடு. அடுத்த காட்சிக்கு முந்தைய ஒத்திகையில் அரைவட்டங்களை மட்டும் எடுங்கள். வட்டங்களைத் தொடாதீர்கள், நன்றாக வந்ததை இன்னும் நன்றாக்கப் போய் எண்ணிக்கை கெட்டுவிடும். குறுக்குக்கோடு விழுந்த இடத்தில் கதவின் மணல் மூட்டையை முதலில் பாருங்கள்.